முதல் கட்டு அகத்தி

நீங்கள் இருவரும் சேர்ந்து மாடு வாங்கிய சேதியை என்னிடம் கடைசியாகத்தான் சொன்னீர்கள். முதலில் எதிர்வீட்டுக்காரர் சொன்னார். அப்புறம் உங்கள் அம்மா சொன்னாள். அதற்கும் பிறகுதான் மலர், நீ போன் பண்ணி, "அப்பா, திண்டிவனம் மனையில ஒரு பசுவும் ரெண்டு ஆடும் வாங்கிக் கட்டிட்டோம். தீவனம் பூரா நாங்களே வளத்துக்கப் போறோம், கடையில ஒரு கிலோ கூட வாங்க மாட்டோம்" என்றாய். பின்னாலிருந்து உன் தம்பி சேகர், "எல்லாம் வீடியோ பாத்துக் கத்துக்கினோம்பா!" என்று கத்தினான்.

சந்தோஷம். கால்நடை மருந்தகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் உதவியாளராக இருந்தவன் வீட்டிலேயே இருக்கும்போது பிள்ளைகள் வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்வது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பத்து நாள் கழித்து மறுபடி போன் வந்தது. மாடு தண்ணீராகக் கழிகிறது, என்ன செய்வது என்று கேட்டீர்கள். நான் என் சர்வீஸ் கதையை ஆரம்பித்தேன். மலர், நீ இடைமறித்து, "அப்பா, நீ போன்ல சொன்னா கதை எங்கியோ பூடுது. எழுதிக் குடு" என்றாய்.

அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். புல்லில் பிழை இருந்தால் மட்டும் என்னைக் கேளுங்கள்.

வேலைக்குச் சேர்ந்ததும் கொஞ்ச காலம் பயிற்சி கொடுத்தார்கள். அதில் என் மனதில் நின்றது ஒன்றுதான். உதைக்கிற மாட்டுக்கு ஒட்டி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் எட்டி நிற்க வேண்டும், நடுவில் நிற்கிறவனுக்குத்தான் உதை. மற்றதையெல்லாம் நடுவில் நின்று கற்றுக்கொண்டேன்.

பிறகு வல்லம் பக்கத்தில் ஒரு ஊர் மருந்தகத்தில் போட்டார்கள். ஊர் பேர் வேண்டாம், அந்த ஊர்க்காரர்கள் இன்னும் எனக்குப் பொங்கலுக்குக் கரும்பு அனுப்புகிறார்கள். அங்கேதான் டாக்டர் தனபாலன் இருந்தார். அவரைப் பற்றிச் சொல்லாமல் நான் தீவனத்துக்குப் போக முடியாது.

டாக்டர் மாட்டிடம் மரியாதையாகப் பேசுவார். எந்த மாடாக இருந்தாலும் 'வாங்க, போங்க'தான். ஒரு மாட்டைத் தொடுவதற்கு முன்னால் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். மாட்டின் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒரு நிமிஷம் சும்மா நிற்பார். "வணக்கம்மா, பாத்துடலாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை வைப்பார். அப்புறம் சொந்தக்காரரிடம் மூன்று கேள்வி: "என்ன சாப்பிட்டாங்க? எப்ப சாணி போட்டாங்க? அசை போட்டாங்களா?" புதிதாக வருகிறவர்கள் திகைத்துப்போவார்கள். ஒருத்தர் மாட்டைப் பிடித்துக்கொண்டு, மாமியாரையும் கூட அழைத்து வந்திருந்தார். "என்ன சாப்பிட்டாங்க?" என்று டாக்டர் கேட்டதும், "ரெண்டு இட்டிலி சார், சட்டினி வாணான்டாங்க" என்று பதில் சொன்னார்.

இவ்வளவு மரியாதையும் மாட்டுக்கு. எனக்கு 'யோவ்'தான். "யோவ், அந்தக் கயித்தப் புடி." "யோவ், அயோடின் எங்க?" ஏழுமலை என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடும்போதுதான் அவருக்கு ஞாபகம் வரும். கோபக்காரர் என்று நினைக்காதீர்கள். நான் காய்ச்சலில் கிடந்தபோது முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி வரைக்கும் ஸ்கூட்டரில் கொண்டுபோய் வரிசையில் நின்று சீட்டு வாங்கியவர் அவர். அங்கேயும், "யோவ், எச்சிலை முழுங்கு, தொண்டை வலிக்குதா பாரு" என்றுதான் கேட்டார்.

இனித் தீவனம்.

மருந்தகத்துக்கு வருகிற மாடுகளில் பாதிக்கு மேல் நோய் கிடையாது, தீனிதான் கோளாறு. வைக்கோலை மட்டும் தின்று எலும்பாக நிற்கும். அதனால் மாடு வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் பசுந்தீவனம் வளர்க்க வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். "யோவ், இது உன் வேலை" என்றார். கயிறு பிடிக்கிற வேலையில் இருந்தவனுக்கு முதல் முறையாக என் வேலை என்று ஒன்று வந்தது. நான் அதை ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொண்டேன்.

முதலில் கம்பு நேப்பியர் புல் கரணை கொடுத்தேன். இரண்டு கணு உள்ள துண்டு, சாய்வாக நட வேண்டும், ஒரு கணு மண்ணுக்குள், ஒரு கணு வெளியே. வாங்கிப் போன முதல் வீட்டில் கரும்பு என்று நினைத்துப் பிள்ளைகள் கடித்துப் பார்த்துவிட்டார்கள். அந்த வீட்டம்மா என்னைத் தேடி வந்து, "சக்கரையே இல்லாத கரும்ப குடுத்து ஏமாத்துறியே, இது கெவருமெண்டு கரும்பா?" என்று சண்டை போட்டாள்.

அடுத்து அசோலா. தொட்டி கட்டி, தார்ப்பாய் விரித்து, தண்ணீர் விட்டு, சாணி கரைத்து, ஒரு கைப்பிடி அசோலா போட்டால் பாசி மாதிரி பச்சைப்பசேலென்று பரவும். தவிட்டோடு கலந்து வைத்தால் மாடு பாத்திரத்தை நக்கும். ஒரு வீட்டில் பதினைந்து நாள் பாடுபட்டு வளர்த்துக் கொடுத்தேன். டாக்டரைக் கூட்டிப்போய்க் காட்டினால் தொட்டி பளபளவென்று காலியாக இருக்கிறது. அந்தப் பாட்டாளி மனுஷி முகமெல்லாம் சிரிப்பாக, "ஒரே பாசி புடிச்சி கெடந்துச்சி சார். பெரிய சாரு வர்றாருன்னு சொன்னீங்களே, பிளீச்சிங் பவுடர் போட்டு நல்லா கழுவி வுட்டுட்டேன்" என்றாள். டாக்டர் தொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "யோவ், தொட்டி சுத்தமா இருக்குய்யா" என்று மட்டும் சொன்னார்.

அதற்கப்புறம்தான் அகத்திக்கு வந்தேன். தனி நிலம் வேண்டாம், வேலியோரமாக விதை ஊன்றினால் போதும். ஆறு மாதத்தில் ஆள் உயரம். ஒடிக்க ஒடிக்கத் துளிர்க்கும். பால் மாட்டுக்கும் ஆட்டுக்கும் நல்ல சத்து. டாக்டர் சரி என்றார், ஆனால் மூன்று சட்டம் போட்டார். அவற்றை நீங்களும் கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள். ஒன்று, மொத்தப் பசுந்தழையில் அகத்தி கால் பங்குக்கு மேல் கூடாது. இரண்டு, வெட்டியதும் கொடுக்கக் கூடாது, அரை நாளாவது வாட விட வேண்டும். மூன்று, வெறும் வயிற்றில் கூடவே கூடாது, முதலில் கொஞ்சம் வைக்கோலோ, மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொடியோ தின்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வயிற்றுக்குள் நுரை கட்டி, காற்று வெளியேற வழியில்லாமல் மாடு உப்பிப்போகும். "யோவ், இந்த மூணையும் சொல்லாம ஒரு விதை கூடக் குடுக்காத" என்றார்.

நான் காகிதப் பொட்டலம் மடித்து, வீடு வீடாகப் போய், மூன்று சட்டத்தையும் சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன். மூன்று வருஷத்தில் அந்த ஊரில் அகத்தி இல்லாத வேலி கிடையாது. சைக்கிளில் தெருவில் போகும்போது இரண்டு பக்கமும் வெள்ளைப் பூ தொங்கும். எனக்கு நெஞ்சு நிமிரும்.

ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் மாடு பழையபடி வைக்கோலைத் தின்றுகொண்டு நிற்கிறது. மரத்தில் தழை அப்படியே இருக்கிறது. ஊரில் ரைஸ்மில் வைத்திருந்த பாவாடையிடம் கேட்டேன். அவர் வீட்டு வேலி அகத்திதான் ஊரிலேயே செழிப்பு.

"ஏண்ணே, ஒடிச்சிப் போடறதில்லையா?"

"அது அமாவாசைக்கு வெச்சிக்கிறேன் தம்பி. எங்கப்பாவுக்குக் கொளத்துல தர்ப்பணம் குடுத்துட்டு, பசுவுக்கு அகத்தி குடுப்பேன்."

"உங்க வீட்லயே ரெண்டு பசு நிக்குதே, அதுக்குக் குடுங்களேன்."

பாவாடை என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சொந்த மாட்டுக்குக் குடுத்தா புண்ணியம் எப்படிப்பா வரும்? அது நம்ம வீட்டு கல்யாணத்துல நாமளே மொய் எழுதிக்கிற மாதிரி."

ஊர் முழுக்க அதே நினைப்பு. சொந்த மாடு கணக்கில் சேராது. எல்லாரும் அகத்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தது ஒரே ஒரு மாட்டுக்கு. அது குளக்கரையில் இருந்த அஞ்சலையின் மாடு. தர்ப்பணம் முடித்துப் படியேறினால் முதலில் கண்ணில் படுவது அதுதான். செவலை நிறம், சாது, யார் நீட்டினாலும் வாங்கிக்கொள்ளும். அதன் பெயர் செவலச்சி.

அஞ்சலை நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். தனி ஆள். அவளுக்கு இருந்தது அந்த ஒரு மாடுதான். அது நாலு வருஷமாகச் சினை பிடிக்கவில்லை. கசாப்புக்குத் தள்ளிவிடு என்று ஊரே சொன்னது. அவள் கேட்கவில்லை. மூன்று தடவை சினை ஊசி போட்டுத் தவறி, நாலாவது தடவைதான் நின்றது. அன்றைக்கு டாக்டர் பரிசோதித்துச் சொன்னதும் அவள் மருந்தக வாசலில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அதற்கு எட்டாவது மாதம் நடக்கும்போது புரட்டாசி மாதத்து மகாளய அமாவாசை வந்தது.

இனி நடந்ததைச் சொல்லும்போது ஒரு விஷயத்தை மட்டும் ஒளித்து வைத்துக்கொண்டு சொல்கிறேன். அதைக் கடைசியில் சொல்லிவிடுவேன்.

அன்று நான் மருந்தகத்துக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் போனேன். தலை ஈரம் காயவில்லை. பத்து மணி இருக்கும், அஞ்சலையிடமிருந்து போன். "சார், ஜல்தி வாங்க சார்! செவலச்சிக்கு வயிறு தவுலு மாதிரி ஆயிடிச்சி. நாக்க தள்ளிக்கினு நிக்குது. பெரிய சார இட்டுக்கினு வாங்க."

ரப்பர் குழாய், வாய்க்கட்டை, டிங்சர், ட்ரோக்கார் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு டாக்டர் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தேன். ட்ரோக்கார் என்றால் ஒரு கூரான தடித்த ஊசி, அதற்கு மேல் ஒரு குழாய் உறை. வயிற்றில் குத்தி ஊசியை மட்டும் உருவினால் உறை உள்ளேயே நிற்கும், காற்று அதன் வழியாக வெளியேறும். டாக்டர் எவ்வளவு அவசரமானாலும் ஸ்கூட்டரை மெதுவாகத்தான் ஓட்டுவார். ஒரு சைக்கிள் எங்களைத் தாண்டிப் போனது. "சார், கொஞ்சம் முறுக்குங்க சார்" என்றேன். "யோவ், நாம ரெண்டு பேரும் விழுந்து கெடந்தா அவங்கள யாருய்யா பாக்குறது?" என்றார்.

குளக்கரையில் போய் இறங்கினால் திருவிழா மாதிரி கூட்டம். வரிசை நிற்கிறது. ஈர வேட்டி, நெற்றியில் விபூதி, கையில் அகத்திக் கட்டு. ஒரு சிலர் தூக்கில் வெல்லம் போட்டு ஊறவைத்த பச்சரிசி வேறு. செவலச்சி நாலு காலையும் அகட்டி நிற்கிறது. இடது பக்க வயிறு முதுகெலும்பையும் தாண்டி மேலே ஏறியிருக்கிறது. அஞ்சலை மாட்டுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்று, "வாணாம், வாணாம், யாரும் குடுக்காதீங்க" என்று அழுகிறாள். வரிசை கலையவில்லை.

"சார், எங்க கட்ட மட்டும் ஒரு வாய் கடிக்கச் சொல்லுங்க சார், நாங்க போயிடறோம்."

"நான் காலையிலருந்து விரதம் சார். இது வாயில வெச்சாத்தான் நான் வூட்டுக்குப் போயி சாப்புட முடியும்."

"எத்தனை கட்டு சாப்பிட்டிருக்காங்க?" என்று டாக்டர் அஞ்சலையிடம் கேட்டார்.

"முப்பதுக்கு மேல எண்ணல சார்."

டாக்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். செவலச்சியின் கண்ணுக்கு முன்னால் போய் நின்றார். "என்னம்மா, மூச்சு விட முடியலீங்களா? இதோ பாத்துடலாம்" என்றார். இடது பக்கத்தில் விரலால் சுண்டினார். காலிப் பீப்பாய் மாதிரி சத்தம் வந்தது. என் பக்கம் திரும்பி மெதுவாக, "யோவ், நெலம மோசம். வயித்துல கன்னு வேற. ரெண்டு உயிருய்யா" என்றார்.

முதலில் மாட்டை மேடான பக்கம் திருப்பி, முன்னங்கால் உயரத்திலும் பின்னங்கால் தாழ்விலும் நிற்க வைத்தோம். காற்று மேலே ஏறி வர அது உதவும். வேப்பங்குச்சியை வாயில் குறுக்கே வைத்துக் கொம்போடு கட்டினோம். மாடு அதை மென்றுகொண்டே இருந்தால் எச்சில் ஊறி உள்ளே போய் நுரையைக் கொஞ்சம் கலைக்கும். அப்புறம் எண்ணெய். நுரையை உடைப்பதற்கு எண்ணெயைப் போல ஒன்று கிடையாது. நான் பையைத் துழாவினேன். மற்ற எல்லாம் இருந்தது, எண்ணெய்ப் புட்டி மருந்தகத்திலேயே இருந்தது.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. வரிசையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "எல்லாரும் அகத்தியக் கீழ போடுங்க. வீட்ல மல்லாட்டை எண்ணெய் இருக்கிறவங்க ஓடிப்போய் எடுத்துக்கினு வாங்க."

யாரும் அசையவில்லை. வரிசையில் முன்னால் நின்ற ரைஸ்மில் பாவாடை தொண்டையைச் செருமினார். கஞ்சி போட்ட புது வேட்டி கட்டியிருந்தார்.

"சார், எண்ணெய் குடுத்தா சேருமா?"

"எதுல சேரணும்?"

"எங்கப்பா கணக்குல."

டாக்டர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அகத்திய விட ரெட்டிப்பா சேரும்."

அவ்வளவுதான். குளக்கரை காலியானது. அந்த ஊரில் அவ்வளவு பேர் ஒன்றாக ஓடி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் புட்டி, தூக்கு, சொம்பு, குத்துவிளக்குக்கு வைத்திருந்த கிண்ணம் என்று எண்ணெய் வந்து குவிந்துவிட்டது. தேவை அரை லிட்டர். உடனே யார் எண்ணெயை எடுப்பது என்று சண்டை.

"நான்தான் மொதல்ல வந்தேன்."

"உன்னுது பழைய எண்ணெய்யா, அப்பளம் பொரிச்சது. வாசனையே வருது."

"யோவ், எல்லார்த்துலயும் ஒரு கரண்டி ஊத்துய்யா" என்றார் டாக்டர். ஒரு பானையில் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கலந்தேன். ஒவ்வொருத்தரும் தன் கரண்டி விழுகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு அவரவர் அப்பா பேரைச் சொன்னார்கள்.

ரப்பர் குழாயை வாய் வழியாக இறக்கினோம். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். ரொம்ப உயர்த்தக் கூடாது, எண்ணெய் நுரையீரலுக்குப் போய்விடும். டாக்டர் குழாயின் நுனியை முகர்ந்து பார்த்து, வயிற்றில்தான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, பாதி எண்ணெயை விட்டார். காற்று வரவில்லை. நுரை குழாயை அடைத்துக்கொண்டது. செவலச்சி முன்னங்கால் மடங்கித் தடுமாறியது. அஞ்சலை, "சார், படுத்தா போயிடும் சார்!" என்று கத்தினாள்.

"யோவ், ட்ரோக்கார்."

இதை மட்டும் நீங்கள் கவனமாகப் படியுங்கள், செய்வதற்காக இல்லை, டாக்டருக்கு எதற்கு உடனே போன் பண்ண வேண்டும் என்று தெரிவதற்காக. இடது பக்கம், கடைசி விலாவுக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், வீக்கம் உச்சமாக இருக்கிற இடம். மயிரைக் கத்தரித்து அயோடின் தடவினேன். டாக்டர் ட்ரோக்காரை மாட்டின் வலது முன்னங்கால் முட்டியைப் பார்த்துச் சாய்த்துப் பிடித்தார். "மன்னிச்சிக்குங்கம்மா" என்றார். ஒரே குத்து.

அந்த நேரம் பார்த்து, உள்ளே போன தன் கரண்டி எண்ணெய் வேலை செய்கிறதா என்று பாவாடை குனிந்து பார்த்தார். டாக்டர் ஊசியை உருவினார். பஸ்ஸில் ஏர் பிரேக் விடுகிற சத்தம். பச்சை நுரை பீச்சியடித்துப் பாவாடையின் முகம், விபூதி, புது வேட்டி எல்லாவற்றையும் நனைத்தது. நாற்றத்தில் கூட்டம் பத்தடி பின்னால் போனது. பாவாடை மட்டும் நகரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "நம்மளுதுதான்... எண்ணெய் வாசன வருது" என்றார்.

"யோவ், கட்டை விரல வெச்சி மூடு" என்றார் டாக்டர். காற்றை ஒரேயடியாக விட்டால் அந்த அதிர்ச்சியிலேயே மாடு போய்விடும். அவர் தலையசைத்தால் விரலை எடுக்க வேண்டும், கையைத் தூக்கினால் மூட வேண்டும். நடுநடுவே மீதி எண்ணெயை அந்தக் குழாய் வழியாகவே உள்ளே விட்டார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்த வெயிலில் நின்றேன். விரல் மரத்துப் போனது. ஆளை மாற்றிக்கொள்ளச் சொன்னார். மாட்டேன் என்றேன். டாக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மத்தியானம் செவலச்சி பெரிதாக ஒரு ஏப்பம் விட்டது. கொஞ்ச நேரத்தில் கழுத்தில் ஒரு உருண்டை மேலே ஏறியது, தாடை அசைந்தது. அசை போட ஆரம்பித்துவிட்டது. கூட்டம் கைதட்டியது. அஞ்சலை தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "காலையில வைக்கோல் போட்டியாம்மா?"

"இல்ல சார். போடறதுக்கு முன்னாடியே வந்துட்டாங்க."

"அப்ப வெறும் வயித்துல, வாடாத தழை. முதல் கட்டு யாரு குடுத்தது?"

கூட்டம் குளத்துப் பக்கம் திரும்பிக்கொண்டது. அஞ்சலை தலையைத் தூக்காமல் சொன்னாள்: "வெளியூர் ஆளு சார். திருவக்கரை கோயிலுக்குப் போற பஸ்ஸுலருந்து எறங்கி வந்தாரு. மூஞ்சி பாக்கல."

டாக்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. கூட்டத்தைக் கூப்பிட்டு நிற்க வைத்து இரண்டு விஷயம் சொன்னார். அடுத்த அமாவாசையிலிருந்து செவலச்சிக்கு ஒரே ஒரு கட்டு, முந்தின நாளே வெட்டி வாட வைத்தது. அதை எல்லாரும் தொட்டுக் கொடுக்க வேண்டும். எண்ணெயில் எல்லார் பங்கும் சேர்ந்த மாதிரி இதிலும் சேரும்.

"அப்ப வேலியில இருக்கிற மீதி தழை என்னாகுறது சார்?" என்று பாவாடை கேட்டார். அவர் இன்னும் பச்சையாகத்தான் இருந்தார்.

"உங்க தழைய பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போடுங்க. அவங்க தழைய உங்க மாட்டுக்குப் போடச் சொல்லுங்க. சொந்த மாடு இல்லையே, புண்ணியம் வருமில்ல?"

பாவாடை யோசித்தார். "தெனமும் போடலாமா?"

"தெனமும் வரும். ஆனா கால் பங்குக்கு மேல போட்டா அவ்வளவும் பாவமா மாறிடும்."

மூன்று வருஷம் நான் பொட்டலம் மடித்து நடக்காத காரியம் மறுநாள் காலையில் நடந்தது. வேலிக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு கை தழையை நீட்டும், அந்தப் பக்கமிருந்து ஒரு கை நீட்டும். வரப்புத் தகராறில் பேசிக்கொள்ளாத இரண்டு வீட்டில்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு தழையைப் போட்டார்கள். "உன் மாட்டுக்காக இல்ல, எங்கப்பனுக்காக" என்று சொல்லிக்கொண்டே போடுவார்கள். அந்த மழைக்காலத்தில் ஊரில் எலும்பு தெரிகிற மாடு ஒன்றுகூட இல்லை. டாக்டர் மேலதிகாரிக்கு எழுதிய அறிக்கையில் 'தீவனப் பரிமாற்ற முறை' என்று அதற்குப் பெயர் வைத்தார். உதவியாளரின் அயராத முயற்சி என்றும் ஒரு வரி எழுதினார். அதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

ஏன் என்று இப்போது சொல்கிறேன். உங்கள் அம்மாவுக்குக்கூட இது தெரியாது.

உங்கள் தாத்தா போன முதல் வருஷம் அது. அன்று காலையில் நானும் குளத்தில் தர்ப்பணம் கொடுத்தேன். என் வேலி அகத்தியை அப்போதுதான் ஒடித்து, ஈரத்தோடு கொண்டுபோயிருந்தேன். அஞ்சலை சாணி அள்ளிக்கொண்டு இருந்தாள். "சார், நீங்களே சொல்லுவீங்களே, வெறும் வயித்துல வாணாம்னு. இருங்க, வைக்கோல் போட்டுட்டு வர்றேன்" என்றாள். நான், "ஒரு கட்டுதானே அஞ்சலை, ஒண்ணும் ஆகாது, ஆபீசுக்கு நேரமாச்சு" என்று சொல்லி நீட்டினேன். முதல் கட்டு என்னுடையது. ஒரு கட்டால் மாடு உப்பாதுதான். ஆனால் படியில் நின்றவர்கள் பார்த்தார்கள். மாட்டாஸ்பத்திரிக்காரரே கொடுக்கிறார், அப்புறம் என்ன என்று ஆரம்பித்தார்கள். மூன்று வருஷமாக நான் சொன்ன மூன்று சட்டத்தையும் நானே ஒரு நிமிஷத்தில் தின்னக் கொடுத்துவிட்டேன். அஞ்சலைக்கு அது தெரியும். தெரிந்துதான் திருவக்கரை பஸ் என்று சொன்னாள்.

அதற்கப்புறம் நான் தினமும் குளக்கரை வழியாகத்தான் வேலைக்குப் போனேன். கன்று கலைந்துவிடுமோ என்ற பயம். செவலச்சி வாலைத் தூக்கினால் எனக்கு உயிர் போய்வரும். அஞ்சலை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஐப்பசி மழையில் ஒரு காலையில் செவலச்சி கன்று போட்டது. காளைக் கன்று, நெற்றியில் வெள்ளை, பிறந்த உடனே எழுந்து நின்று கயிற்றைக் கடித்தது.

அஞ்சலை ஒரே ஒரு காரியம்தான் செய்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் கன்றுக்கு என் பெயரை வைத்துவிட்டாள்.

அது எதைக் கண்டாலும் தின்னும். துணி, காகிதம், குளத்தில் குளிக்கிறவர்களின் சோப்பு. சாயங்காலம் நான் சைக்கிளில் திரும்பும்போது அவள் குரல் தெரு முனை வரைக்கும் கேட்கும். "டேய் ஏழுமல! உனக்கு அறிவு இருக்காடா? கண்டதையும் வாயில வெக்காதன்னு எத்தினி வாட்டி சொல்றது? உன்னால பெரிய பேஜாரா போச்சு!" நான் பிரேக் பிடித்து இறங்குவேன். அவள் என்னைப் பார்த்து, "ஒங்கள இல்ல சார், கன்ன" என்பாள். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இருக்காது.

நாலு மாதம் கழித்துக் கோமாரித் தடுப்பூசி போட டாக்டரோடு அங்கே போனேன். டாக்டர் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். கன்றின் கண்ணுக்கு முன்னால் போய் நின்றார்.

"இவங்க பேரு என்னம்மா?"

"ஏழுமல சார்."

டாக்டர் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. "ஏன் அந்தப் பேரு?"

"சும்மாதான் சார். பொறக்கறதுக்கு மின்னாடி அவரு ரெண்டு மணி நேரம் வெரல வெச்சிக்கினு நின்னாரே, அதுக்கு." அஞ்சலை கொஞ்சம் நிறுத்தினாள். "அதுக்கும் மின்னாடி ஒண்ணு இருக்கு. அது வேற."

டாக்டர் மருந்துப் புட்டியைத் திறந்தார். ஊசி மருந்தை உறிஞ்சி எடுத்தார். கன்றின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். அப்புறம், இத்தனை வருஷ சர்வீஸில் நான் கேட்க ஆசைப்பட்ட மரியாதையோடு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்:

"ஏழுமலை, வெறும் வயித்துல அகத்தி குடுக்கக் கூடாதுங்க. சரிங்களா?"

கன்று பேசாமல் அவர் சட்டைப் பையை முகர்ந்துகொண்டிருந்தது.

நான்தான், "சரிங்க சார்" என்றேன்.